சாப்பாடும் சுற்றாடலும்: முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலத்தில் என்ன விளையாட்டு வைக்கலாம்?

தம்பிலுவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு ஊர்ச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஒன்று இருக்கு. முப்பது பேரளவில் வருவாங்க, வயது 6 முதல் 11 வரை. நல்ல சாப்பாடும் சுற்றாடல் பாதுகாப்பும்தான் பொருள். பேச்சு, சொற்பொழிவு எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கு. முழுக்க விளையாட்டும் பொது அறிவுக் கேள்வியும்தான். மல்ரிமீடியா வசதி இல்லை. மணல் முற்றம், இரண்டு மேசை, ஒரு கரும்பலகை இருக்கு. கையில் காசும் பெரிதாக இல்லை.

இணையத்தில் தேடினால் வருகிற கேள்வியெல்லாம் அப்பிள், புரோக்கோலி, ஸ்ட்ரோபெரி பற்றித்தான். இங்கத்தைப் பிள்ளைகளுக்குப் பொருந்துவது வேணும். இன்னொன்று, "காய்கறி சாப்பிடுவது நல்லதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ஓம்" என்று கத்தும், வீட்டுக்குப் போய்த் தொடாது. இதை எப்படி மாற்றலாம்? கடைசியாக, பரிசுக்கு ரொபி கொடுக்க மனமில்லை. வேறு என்ன கொடுக்கலாம்?

வாவிக்கரை ரீச்சர்:

தங்கச்சி, உங்கட இரண்டாவது கேள்விதான் முக்கியம். "நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் பிள்ளை உங்கட முகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்லும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு பொருளை வையுங்க. விடையைப் பிள்ளை வாசித்தோ, அளந்தோ, தொட்டோ, மணந்தோ தானே கண்டுபிடிக்க வேணும். நீங்க சொல்லித்தான் விடை தெரியும் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்க.

நீங்க கட்டாயம் வைக்க வேண்டியது சீனிக் கரண்டி விளையாட்டு. 2016 ஓகஸ்ட் 1 முதல் இலங்கையில் விற்கிற மென்பானங்களின் லேபலில் ஒரு நிறவட்டம் இருக்கு. 100 மி.லீ.க்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. பிள்ளைகள் தினமும் கையில் பிடிக்கிற போத்தலில் இருக்கிற விஷயம், ஆனால் பார்க்கிறவங்க குறைவு.

வேண்டியவை: கழுவிய வெற்றுப் போத்தல், பக்கற் ஆறு, சீனி அரைக் கிலோ, தேக்கரண்டி, ஐஸ்பழக் குச்சி, ஜாம் போத்தல் ஆறு. போத்தல்களைத் தெரிவு செய்யும்போது அளவு வேறுபட எடுங்க: 200 மி.லீ., 400 மி.லீ., 500 மி.லீ., ஒரு லீற்றர். நிறவட்டத்தைக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்க.

முதலில் பிள்ளைகள் போத்தல்களைச் சீனி குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்த வேணும். பிறகு கடதாசியை உரித்து லேபலிலுள்ள சீனி அளவைப் பார்த்துக் கணக்குப் பண்ணி, அத்தனை கரண்டி சீனியை ஜாம் போத்தலுக்குள் போட்டு அந்தப் பானத்துக்குப் பக்கத்தில் வைக்க வேணும். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சீனி. ஐஸ்பழக் குச்சியால் மேலே வழிக்காமல் குவித்துப் போட்டால் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். எல்லாக் குழுவும் பிழைக்கிற இடம் அதுதான்.

இனி இந்த விளையாட்டின் உயிரைச் சொல்றன். 200 மி.லீ. பக்கற் ஒன்றில் 100க்கு 12 கிராம் என்றால் நிறம் சிவப்பு. மொத்தம் 24 கிராம், 6 கரண்டி. 500 மி.லீ. போத்தலில் 100க்கு 8 கிராம் என்றால் நிறம் செம்மஞ்சள். ஆனால் மொத்தம் 40 கிராம், 10 கரண்டி! நிறம் 100 மி.லீ.க்குத்தான், முழுப் போத்தலுக்கு இல்லை. இப்படி ஒரு சோடியைத் தேடிப்பிடித்து வையுங்க. சிவப்பைக் கடைசியில் வைத்த குழு ஜாம் போத்தலைப் பார்த்து வரிசையைத் தானே மாற்றும். நீங்க வாய் திறக்கத் தேவையில்லை.

சாப்பாட்டிலும் பானத்திலும் சேர்க்கிற சீனியை ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் 10 வீதத்துக்குள் வைக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 5 வீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படுகிற பிள்ளைக்கு அது 40 கிராம், 20 கிராம். அதாவது 10 கரண்டி, 5 கரண்டி. அந்த இரண்டு ஜாம் போத்தலையும் மேசையின் நடுவில் தனியாக வைத்துவிடுங்க.

கவனிக்க வேண்டியது சில. பால் பக்கற்றுகளை இதில் சேர்க்க வேண்டாம். பாலில் இயற்கையாகவே 100 மி.லீ.க்கு 5 கிராமளவில் லக்ரோஸ் என்ற பால் சீனி இருக்கு, பிள்ளைகள் குழம்பும். "டயட்" பானம் பச்சை வட்டத்தோடு வரும். சீனி இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், தண்ணீருக்குச் சமம் என்று நினைக்க விடவேண்டாம். நாலாம் வகுப்புக்குக் கீழே வகுத்தல் கணக்குத் தடுமாறும், அவங்களுக்குக் கரண்டிக் கணக்கைப் பலகையில் முதலே எழுதிவிடுங்க. சீனியை முன்னால் வைத்தால் கை போகும், எறும்பும் வரும். முடிந்த உடனே மூடி எடுங்க.

பாசிப்பயறு:

பாம்பும் ஏணியும் வைக்கலாமே. பெரிய கடதாசி மட்டையில் கீறி, ஏணியில் "கீரை சாப்பிட்டாய்", பாம்பில் "சோடா குடித்தாய்" என்று எழுதினால் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம், பத்து நிமிடத்தில் தயார் பண்ணலாம்.

வாவிக்கரை ரீச்சர்:

விருப்பம் என்பது சரிதான் பாசிப்பயறு. ஆனால் அதில் தாயக்கட்டைதான் வெல்லுது, பிள்ளை ஒன்றும் யோசிக்கவில்லை. வைக்கத்தான் வேணும் என்றால் மூன்று திருத்தம் செய்யுங்க.

நூறு கட்டத்தை விட்டு 6க்கு 6 ஆக 36 கட்டம் போடுங்க. ஆறு பேர் விளையாடினால் நூறு கட்டம் அரை மணித்தியாலத்திலும் முடியாது, பாதியில் எழும்பிவிடுவாங்க. இரண்டாவது, ஏணியின் அடியில் நின்றால் சும்மா ஏற விடவேண்டாம், ஒரு கேள்வி; சரி என்றால் மட்டும் ஏறலாம். பாம்பின் தலையிலும் அப்படியே, சரியாகச் சொன்னால் பாம்பு கொத்தாது. அப்போது அறிவுக்கு ஒரு பெறுமதி வரும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. பாம்பில் சாப்பாட்டின் பெயரை எழுத வேண்டாம். "பாணும் சம்பலும்", "நூடில்ஸ்" என்று எழுதினால், அன்று காலையில் அதைச் சாப்பிட்டு வந்த பிள்ளை தலையைக் குனிந்துவிடும். வீட்டில் என்ன சமைக்கிறது என்பது பிள்ளையின் கையில் இல்லை. பிள்ளையால் மாற்றக்கூடிய பழக்கங்களை மட்டும் எழுதுங்க: சோறு சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தது, கை கழுவாமல் சாப்பிட்டது, வாவிக்குள் பொலித்தீன் எறிந்தது, பிளாஸ்டிக் எரித்தது. இதே காரணத்துக்காக "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்ற கேள்வியையும் சபையில் கேட்க வேண்டாம்.

கல்முனை நானா:

எல்லாருக்கும் சலாம். சாப்பாட்டுப் பக்கம் ரீச்சர் சொல்லிட்டாங்க, நான் குப்பைப் பக்கம் சொல்றன்.

குப்பை பிரிக்கிறதைக் கிளித்தட்டுக்குள் (கோட்டில் நிற்கிறவங்களிடம் பிடிபடாமல் கோடுகளைத் தாண்டி ஓடுகிற விளையாட்டு) வையுங்க. முற்றம் மணல் என்றீங்க, நல்ல வசதி. 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம், குறுக்கே நாலு கோடு, நடுவில் ஒன்று. மணலில் சாம்பல் கோடு இரண்டு நிமிடம் நிற்காது. மண்வெட்டி முனையால் சின்ன வாய்க்கால் இழுத்து அதற்குள் சாம்பல் போடுங்க. கயிறு கட்ட வேண்டாம், தடுக்கி விழுவாங்க.

ஓடுகிறவங்க தொடக்கத்தில் ஒரு சாக்குக்குள் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு பொருள் எடுக்க வேணும். அதைக் கொண்டு தட்டைத் தாண்டிப் போய் மறுமுனையில் இருக்கிற ஐந்து பெட்டியில் சரியானதில் போட்டால் ஒரு புள்ளி. பிழையான பெட்டி என்றால் பொருள் திரும்பச் சாக்குக்கே வரும். மற்ற விதியெல்லாம் உங்கட ஊர் வழக்கம்தான். பெட்டி நிறம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நிறமே இருக்கட்டும்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக், பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். பாடசாலைச் சுற்றாடல் முன்னோடி அணியில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும், அவங்களில் ஒருவரைப் பெட்டிப் பக்கம் நடுவராக நிறுத்துங்க.

ஓட்டத்தில் கெட்டிக்காரப் பொடியன்கள் பொருளைப் பார்க்காமலே கிட்ட இருக்கிற பெட்டியில் எறிவாங்க. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்டிகளின் இடத்தை மாற்றுங்க. ஆறு வயதுப் பிள்ளையைப் பெரிய பிள்ளையோடு கை கோத்து ஓட விடுங்க, இல்லாவிட்டால் முதல் கோட்டிலேயே பிடிபட்டு ஓரமாக நிற்கும். ஒரு அணி ஆறு நிமிடம், பிறகு மாறுங்க. எல்லாப் பொருளையும் முதல் நாளே சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்க. கண்ணாடியும் தகர மூடியும் வேண்டாம், படத்தை மட்டையில் ஒட்டிப் பயன்படுத்துங்க. பற்றரிக்கு இந்த ஐந்தில் பெட்டி இல்லை, விட்டுவிடுங்க.

சாக்குக்குள் கட்டாயம் இருக்க வேண்டியது இரண்டு. பிஸ்கட் உறை: உள்ளே வெள்ளி மினுக்கம் இருப்பதால் கபிலப் பெட்டிக்குள் போடுவாங்க. கையில் கசக்கி விட்டுப் பாருங்க. அலுமினியத் தாள் கசங்கின மாதிரியே கிடக்கும், பிஸ்கட் உறை மெல்ல விரிந்து எழும்பும். அது பிளாஸ்டிக். அடுத்தது தேத்தண்ணிக் கடையின் கடதாசிக் கப். நீலப் பெட்டிக்குள் போவதுதான் வழக்கம். அதை ஒரு அரை மணித்தியாலம் சுடுதண்ணியில் ஊறவிட்டு வெளிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் கடதாசி கூழாகக் கழன்று வரும், உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பொலித்தீன் தோல் கப்பின் வடிவத்திலேயே மிஞ்சும். நிகழ்ச்சி தொடங்கும்போது ஊற வைத்தால் முடியும்போது உரிக்கலாம்.

பேசினில் தண்ணி வைத்து மிதக்கும், தாழும் விளையாட்டும் சேர்க்கலாம். தண்ணிப் போத்தலின் உடம்பில் இரண்டு சென்ரிமீற்றர் துண்டு, அதே போத்தலின் மூடியில் ஒரு துண்டு, யோகட் கப் துண்டு, சொப்பிங் பை துண்டு. போத்தல் துண்டு தாழும், அதன் மூடி மிதக்கும். ஒரே போத்தல், இரண்டு வகைப் பிளாஸ்டிக்! யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் மிதக்கும், 6 என்றால் தாழும். அந்த எண் பிளாஸ்டிக் வகையைத்தான் சொல்லுது, மீள்சுழற்சி செய்தாச்சு என்ற முத்திரை இல்லை. துண்டில் காற்றுக் குமிழ் ஒட்டினால் தாழ வேண்டியதும் மிதக்கும். தண்ணியில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரலால் ஒருக்கால் அமுக்கிவிடுங்க. பிறகு கேளுங்க: வாவிக்குள் விழுந்தால் எது கரைக்கு வரும், எது சேற்றுக்குள் போகும்? கரையில் பொறுக்குகிறது பாதிதான் என்று பிள்ளைகளே சொல்லும்.

தம்பிலுவில்காரி:

ரீச்சருக்கும் நானாவுக்கும் பெரிய நன்றி. கடதாசிக் கப் கட்டாயம் செய்யிறன். இன்னும் இரண்டு கேள்வி. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆறு, ஏழு வயதுக்காரருக்குத் தனியாக என்ன வைக்கலாம்? அடுத்தது, "பிளாஸ்டிக் போத்தல் உக்க 450 வருஷம்" என்று எல்லா இடமும் போட்டிருக்கு. அதைக் கேள்வியாகப் போடலாமா?

கீரைப்பாத்தி:

சின்னவங்களுக்கு இலைப் பை. துணிப்பைக்குள் ஐந்து இலை: முருங்கை, வல்லாரை, அகத்தி, கங்குன் கீரை, கறிவேப்பிலை. கண்ணைக் கட்டாமல் பைக்குள் கை மட்டும் போக வேணும், கண்ணைக் கட்டினால் சில பிள்ளைகள் பயந்துவிடும். கங்குன் தண்டு குழாய் மாதிரி உள்ளே வெறுமை. அகத்தியில் ஒரே காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலை சோடி சோடியாக இருக்கும். வல்லாரை சிறுநீரக வடிவம், ஓரத்தில் மெல்லிய பல். முருங்கை சின்ன முட்டை வடிவம், தொட்டால் உதிரும். கறிவேப்பிலையை மணத்தால் பிடித்துவிடுவாங்க, அதனால் முதல் பிள்ளைக்கு அது கிடைக்கட்டும். தூதுவளையில் முள், வேண்டாம். பறித்து ஒரு மணித்தியாலத்தில் இலை வாடிவிடும், ஈரத் துணியில் சுற்றி வையுங்க. காட்டில், வேலியில் தாங்களாகப் பறித்துச் சாப்பிடக்கூடாது என்பதையும் அதே இடத்தில் சொல்லுங்க. ஒன்றைப்போல ஒன்று இருக்கும்.

இலை பிடித்த கையோடு ருசியும் பார்க்கட்டும். முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல் இரண்டும் ஒரு தேக்கரண்டி, வாழையிலைத் துண்டில். பிடிக்காவிட்டால் துப்பலாம் என்று முதலே சொல்லுங்க, அப்போதுதான் வாய்க்குள் வைப்பாங்க. புதிய சாப்பாடு ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டுப் பத்துத் தடவை, சிலருக்கு அதற்கு மேலும் போகும். ஒரு பின்னேரத்தில் விருப்பம் வரவேணும் என்று நெருக்க வேண்டாம். கச்சான், முட்டை, இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் யார் என்று பெற்றாரிடம் எழுதி வாங்குங்க. சம்பலில் மாசிக் கருவாடு சேர்க்காமல் விடுவது நல்லது. சின்னத் தம்பி தங்கச்சிமாரும் கூட வருவாங்க, ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சானும் கடலையும் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

450 வருஷக் கேள்வியை விடுங்க. அவ்வளவு காலம் யாரும் பார்த்திருந்து அளந்ததில்லை, அது மதிப்பீடு. இடத்துக்கு இடம் எண்ணும் மாறும். பிள்ளையால் சரிபார்க்கவும் முடியாது. அதற்குப் பதிலாக ஆறு சாடியில் மண் நிரப்பி 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் வாழையிலை, பழைய பேப்பர், பருத்தித் துணி, தேயிலைப் பை, பிஸ்கட் உறை, "உக்கும்" என்று எழுதி விற்கிற லஞ்ச் சீற் (சோறு சுற்றுகிற மெல்லிய தாள்) ஆகியவற்றில் ஒவ்வொன்றாகப் புதையுங்க. நிகழ்ச்சி அன்று ஒவ்வொரு பிள்ளையும் எது முதலில் உக்கும் என்று தாளில் வரிசை எழுதிப் பெயர் போட்டுக் கொடுக்கட்டும். இரண்டு, நாலு, எட்டுக் கிழமையில் கிண்டிப் பாருங்க. உங்கட பக்கம் கடற்கரை மணல், ஈரம் நிற்காது, நுண்ணுயிரும் குறைவு; பாதிக்குப் பாதி உக்கின மாட்டெரு கலக்காவிட்டால் வாழையிலைகூடக் காய்ந்து அப்படியே கிடக்கும், பிள்ளைகள் பிழையான முடிவுக்கு வரும். கோழி கிண்டாமல் மேலே வலை போடுங்க.

கல்முனை நானா:

கேள்விச் சுற்றுக்கு ஒரு முறை: ஒவ்வொரு குழுவுக்கும் அ, ஆ, இ என்று எழுதிய மூன்று மட்டை. கேள்வி வாசித்து, 20 செக்கன் குழுவுக்குள் பேச விட்டு, "தூக்கு" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க வேணும். முதலில் கை தூக்கினவருக்கு என்று வைத்தால் இரண்டு பிள்ளைகள்தான் கடைசி வரை விளையாடும். மட்டையைப் பழைய கலண்டரில் வெட்டுங்க, லெமினேற் பண்ண வேண்டாம். பத்துக் கேள்வி போதும். சில மாதிரி (விடைத் தெரிவு இல்லாதவற்றுக்கு மூன்று தெரிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்க):

முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுவது ருசிக்கு மட்டுமா? (இல்லை. புளியிலுள்ள விற்றமின் சி இலையின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க உதவும். சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி அதற்கு எதிராக வேலை செய்யும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.)

நெல்லைப் புழுக்கிக் குத்தினால் என்ன நன்மை? (தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் போய்விடும், தீட்டினாலும் அவ்வளவாக இழப்பில்லை. மேசையில் புழுங்கல், பச்சை, தீட்டாத சிவப்பு மூன்றையும் ஒவ்வொரு பிடி வையுங்க. வெல்லாவெளியிலும் சம்மாந்துறையிலும் விளையிற நெல்லையும் ஒரு பிடி.)

நெத்தலியை முள்ளோடு சாப்பிடச் சொல்வது ஏன்? (கல்சியம் முள்ளில்தான்.)

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை செய்யப்பட்டது எது: பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் வாளி, தண்ணிப் போத்தல்? (இடியப்பத் தட்டு. ஒருமுறை பாவிக்கிற ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, பிளாஸ்டிக் பூமாலையும் அதே பட்டியலில். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சாப்பாட்டுப் பெட்டிக்குத் தடை 2017 செப்டெம்பர் 1.)

கண்டல் (வாவிக்கரைச் சேற்றில் வளர்கிற மரம்) விதை எங்கே முளைக்கும்? (சில இனங்களில் மரத்திலேயே. நீட்டு முளை வளர்ந்த பிறகுதான் சேற்றில் விழும். அதன் வேருக்குள்தான் இறால், நண்டுக் குஞ்சுகள் ஒதுங்கி வளரும். ஒரு முளைக் காய் கிடைத்தால் கையில் கொடுங்க.)

அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் செத்தது எதனால்? (சாப்பாட்டு மணம் பிடித்த பொலித்தீனைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியதால். எட்டு வருஷத்தில் இருபது யானையளவில் என்று 2022 சனவரியில் செய்தி வந்தது. உடற்கூற்றுப் பரிசோதனையில் வயிற்றுக்குள் இருந்தது உணவு உறையும் பிளாஸ்டிக்கும்.) இதைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள் கலங்கும், ஒன்பது வயதுக்கு மேலே மட்டும் கேளுங்க. உடனே ஒரு வேலையையும் கொடுங்க: சோறு ஒட்டின லஞ்ச் சீற்றைக் கழுவிப் போடுகிறதா, அப்படியே முடிச்சுப் போட்டு எறிகிறதா?

கீரைப்பாத்தி:

பரிசு விட்டுப்போச்சு. வென்ற குழுவுக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லாருக்கும் விதை கொடுங்க: பயற்றை, வெண்டி, கீரை. பயற்றை நாலைந்து நாளில் முளைக்கும், சின்னவங்களுக்குப் பொறுமை அவ்வளவுதான். கீரை விதை தூள் மாதிரி, மணலோடு கலந்து தூவ வேணும். ஆழமாகப் போட்டால் வராது. கறுப்புப் பொலித்தீன் பைக்குப் பதில் சிரட்டையில் நடலாம். ஆனால் அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டே கொடுங்க. ஓட்டை இல்லாத சிரட்டையில் தண்ணி நின்றால் வேர் அழுகும், டெங்கு நுளம்பும் முட்டை இடும். சிரட்டையில் பயற்றை இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது, நாலு இலை வந்ததும் நிலத்துக்கு மாற்றச் சொல்லிச் சின்னத் துண்டில் எழுதிச் சிரட்டையோடு கட்டிவிடுங்க.